ஆட்டுக்குக் கட்டம் இல்லை

செவ்வாய்க்கிழமை மூக்குத்தி குட்டி போட்டது,
நாள் வராமல்,
மயிர் முளைக்காத இரண்டு.
சாக்கில் சுற்றி வடலிக்குள் புதைத்து
நாய் தோண்டாமல் கல் வைத்தேன்.
பிறகு போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

என் முகம் தெரிந்தது, மேலே வானம் தெரிந்தது.
தெரியாதது எதுவோ
அதைத்தானே பார்க்கப் போனேன்.

கும்புறுப்பிட்டியில் ஆவணி என்றால்
கடல் நிலத்துக்கு அடியால் நடந்து வரும்.
தேத்தண்ணி கரிக்கும், காய்ந்த சட்டை முறுகும்.
அது நாக்குச் சொல்லும் உப்பு. அதோடு எனக்குப் பழக்கம்.
வேலிக்கு அந்தப் பக்கம் சபாநாயகத்தின் வெங்காயப் பாத்தி.
மூட்டை மூட்டையாய் யூரியா,
விடிய ஒருதரம் பொழுதுபட ஒருதரம் மோட்டர்.
மணலுக்கு ஓட்டை வாய்,
கேட்டதையெல்லாம் கிணற்றிடம் சொல்லிவிடும்.

போய்க் கேட்டேன்.
"என்ட வீட்டிலயும் உந்த ஊத்துத்தான் குடிக்குது,
செத்தா போச்சுதுகள்?"
அவர் வாசலில் கடைத் தண்ணீர்,
இருபது லீற்றர் நீலக் கலன் இரண்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெங்காயத்துக்கும் கடன் இருக்கிறது.

சோடாப் போத்தலை மூன்று தரம் கழுவி
கிணற்றுத் தண்ணீரை நிரப்பி
மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
இறக்கக்கண்டிப் பாலம் தாண்ட
பக்கத்துச் சீற்றில் பள்ளிக்கூடப் பெட்டை கேட்டாள்:
"அன்ரி, ஒரு முறடு குடிக்கட்டா?"
குடிக்கலாமா என்று தெரியாமல்தானே
இதை இவ்வளவு தூரம் கொண்டுபோகிறேன்.
"மருந்துத் தண்ணி, பிள்ளை" என்று பொய் சொன்னேன்.
திருகோணமலை வரும்வரை அவள் உதடு காய்ந்திருந்தது.

கந்தோரில் ஒரு படிவம்.
சோடாப் போத்தல் சரிவராது என்று
வேறு போத்தல் தந்து மறுநாளும் வரச் சொன்னார்கள்.
மறுநாளும் போனேன்.
எத்தனை பேர் குடிக்கிறார்கள்?
ஒன்பது.
பெயர்கள்?
மூக்குத்தி, சுங்கான், பெரியமறி, கறுவல்...
பேனை நின்றது.
"ஆட்டுக்கு இதில கட்டம் இல்லையே."
மேசையில் றிபாயா என்று பெயர்ப்பலகை.
சிரிக்காமல் யோசித்தாள்.
"ஆக்கள் என்றே போடுவம்.
உங்களையும் சேர்த்துப் பத்து."

என்னையும் சேர்த்து.
அதுவரை என்னை நான் எண்ணியிருக்கவில்லை.

முடிவு வரும்வரை
சந்திப் பைப்பில் நாளைக்கு நாலு வாளி சுமந்தேன்.
பெரியமறி முகர்ந்து தும்மியது. மருந்து மணமாம்.
ஒன்பதும் திரும்பிப் போய்
கிணற்றுக் கட்டில் கசிந்த ஈரத்தை நக்கின.
ஆட்டுக்குத் தெரியும் என்பார்கள்.
தெரிந்தால் போன மாதம்
யூரியாச் சாக்கை ஏன் தின்றது?

இருபத்தாறாம் நாள் கடதாசி வந்தது.
நைத்திரேற்று எழுபத்தொன்று,
ஐம்பதுக்கு மேல் ஆகாது.
மிருக வைத்தியர் போனில் சொன்னார்:
"ஆடு குடிக்கலாம். அதின்ர வயிறு தாங்கும்.
குட்டி விழுந்தது வேற வருத்தம், ரத்தம் எடுக்க வேணும்.
நீங்கள்தான் குடிக்கப்படாது.
கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது."

சபாநாயகத்தின் மகளுக்கு
ஆடி முடியத்தான் பிள்ளை பிறந்தது.
அப்போது விளங்கியது
நீலக் கலன்.

தெரிந்திருக்கிறது.
வேலிக்கு இந்தப் பக்கம் வரும் அளவுக்கு
அந்தத் தெரிதலுக்குக் கால் இல்லை.

அன்று பின்னேரம்
இத்தனை நாளில் முதல் தரமாய்
ஆடுகளுக்குக் கிணற்றில் அள்ளி வைத்தேன்.
உறிஞ்சும் சத்தம் கேட்டபடி
பைப் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.
கரிக்கவில்லை. என்னவோ குறைந்தது.

இருட்டினதும் அந்தக் கடதாசியை
அவர் பக்கம் தெரியும்படி
வேலிக் கம்பியில் செருகிவிட்டு வந்தேன்.

விடியப் பார்த்தால்
மூக்குத்தி, கழுத்தை நீட்டி,
ஐம்பதுக்கு மேல் ஆகாது என்ற வரியைத்
தின்றுகொண்டு நின்றது.