வெங்காய வெடி

கிதியோன்,
நேற்று லாங் பஜாரில் ஊக்கு வாங்கினேன்.
ஓர் அட்டையில் பன்னிரண்டு.
விலையைக் கேட்டால் நீ கடைக்காரனைத் திட்டியிருப்பாய்.

காந்தி ரோட்டு லாட்ஜில் நீ ரூம் பாய்.
அப்பாவின் கிட்னிக்காக ஐஸ்வாலிலிருந்து வந்த பையன்
அப்பா இல்லாமல் காட்பாடியில் ரயிலேறிய காலை
கட்டிலுக்கடியில் கிடந்தது கேசட்.
மேலே பேர் எழுதவில்லை.
"ஒரு வார்த்தை புரியலடி ஹெப்சி,
ஆனா யார் மேலயோ செம கோவத்துல கீறான்" என்றாய்.
எங்களுக்கு அந்தக் கோபம் போதுமாயிருந்தது.
யார் மேல் என்பதை
வேலூரில் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்குத் தெரிந்தது மூன்று கார்டு.
ரேஷன் கார்டைச் சேர்த்தால் நான்கு என்பாய்.
மேல்விஷாரம் தோல் ஷாப்பில்
ஆளுயர மர டிரம்மை ஓட்டுகிறவன் என்பதால்
இம்தியாஸ் டிரம்மர்.
அவன் கொண்டுவந்த கழிவுத் தோலில் தைத்த ஜாக்கெட்டை
அக்னி நட்சத்திரத்தில் போட்டுக்கொண்டு
கோட்டை அகழியைச் சுற்றி நடந்தோம்.
பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, உனக்கு வருத்தம்.
நாய்கள் பின்னாலேயே வந்தன.

உன் அம்மா வளையலில் எப்போதும் நாலு ஊக்கு தொங்கும்.
தூங்கும்போது கழற்றி
ஒன்றைக் காதில் குத்திக்கொண்டாய், மிச்சத்தை ஜாக்கெட்டில்.
"குட்றா பாவி, சர்ச்சுக்குப் போவணும், முந்தானை நிக்கல."

ராஜா இல்லாத கோட்டை
சாமி இல்லாத கோயில்
தண்ணி இல்லாத ஆறு
என்று ஊர் தன்னையே கிண்டல் செய்கிற சொலவடையை
ஒன்றேமுக்கால் நிமிஷத்தில் கத்தினோம்.
அடுத்த வரி பெண்களின் அழகைப் பற்றியது.
நான் பேஸ் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தேன்.
நீ வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து
"வெக்கம் இல்லாத நாங்க" என்று மாற்றினாய்.
சாமிதான் கோயிலுக்குத் திரும்பி வந்துட்டாரே என்றான் இம்தியாஸ்.
"வரட்டும். பாட்டுல இடமில்ல."

கொசப்பேட்டை அச்சகத்தின் பின்கட்டில்
பதினொரு பேர் கேட்டார்கள்.
ஒருவர் கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவர்.
இரண்டாம் பாட்டில் கரண்ட் போனது.
இருட்டில் டிரம்மும் தொண்டையுமாகத் தொடர்ந்தோம்.
டார்ச்சோடு வந்த எஸ்.ஐ. கேட்டார்:
"இது எந்தக் கட்சி?"
"மூணு பேர் சார். கட்சி ஆரம்பிக்கப் பத்தாது."
அவர் உன் காது ஊக்கைத் தொட்டுப் பார்த்து
செப்டிக் ஆகும், ஊசி போட்டுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நான் வங்கியில் நகைக்கடன் பிரிவு.
நீ அதே லாட்ஜில் மேனேஜர்.
வங்காளியில் ஆறுதல் சொல்லவும்
மிசோவில் பில் கேட்கவும் கற்றுக்கொண்டாய்.
நாடே உயிர் பிழைக்க வருகிற ஊரில்
ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி
நாற்பத்தைந்து வயதில்
தூக்கத்தில், ஒருவரையும் எழுப்பாமல்.
வாழ்க்கையில் நீ சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம்.

அந்த வாரம் பார்த்து
பாலாற்றில் வெள்ளம்.
கரை தொட்டுச் செம்மண் நிறத்தில்
வாழைமரம், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு முழுக் கூரை.
கல்லறை அக்கரையில்.
தண்ணி பார்க்க ஊரே பாலத்துக்கு வந்திருந்தது.
தோளில் பிள்ளைகள், கையில் போன், சுண்டல் வண்டி.
உன் வண்டி அரை மணி நேரம்
அவர்கள் நடுவில் நின்றது.
இம்தியாஸ் என் காதில் சொன்னான்,
"இவனுக்கு இவ்ளோ கூட்டம் வந்ததே இல்ல."
சிரித்துவிட்டேன், கிதியோன். போதகர் முறைத்தார்.

கிதியோன் இல்லாத ஊர் என்று
பாட்டில் ஒரு வரி சேர்க்கலாமா என்று
பாலம் முடிவதற்குள் யோசித்தேன்.
நீ காறித் துப்பியிருப்பாய்.
தண்ணி இல்லாத ஆறு என்ற வரியும்
கீழே பொய்யாகிக்கொண்டிருந்தது.

இன்று அம்மாவிடம் அட்டையைக் கொடுத்தேன்.
கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.
"அவன் எடுத்தது பதினாலு" என்றாள்.