நூறு நிபால்தோக்கள்

அறுவைக்கு முந்தைய மாலை
திரையில் ஓர் எண் சிவந்தது: முப்பத்தொன்று.
குடலை வெட்டித் தைத்த இடம்
கசிவதற்கான வாய்ப்பு, நூற்றுக்கு.

புவர்த்தோ மான்ட்டின் மழை
ஜன்னலைக் கழுவுவதும் அழுக்காக்குவதுமாய் இருந்தது.
எண்ணைச் சொல்வது இரவுச் செவிலியின் வேலையில்லை.
ஆனால் நிபால்தோ வென்சுமான் கேட்டார்.
சால்மன் பண்ணைகளில் முக்குளித்து
வலையின் கிழிசல் தைப்பவர்.

"நூறு நான்," என்றார்.
"ஆங்கெல்மோ படித்துறையில் நூறு நானும்
ஈர உடையோடு வரிசையாய் நிற்கிறோம்.
முப்பத்தொரு பேரைக் கூப்பிடுகிறார்கள்.
எல்லாருக்கும் ஒரே பெயர்.
யார் திரும்பிப் பார்ப்பது?"

நான் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.

பிறகு அவரே:
"கடலடியிலிருந்து ஏறிவர அட்டவணை உண்டு.
இத்தனை மீட்டர், இத்தனை நிமிடம்,
இங்கே கயிற்றைப் பிடித்துச் சும்மா நில்.
எங்கோ யார் யார் ரத்தத்திலோ
குமிழ் பார்த்து எழுதிய தாள்.
என் மைத்துனனும் அதற்குக் கீழ்ப்படிந்தான்,
ஒரு நிமிடம் பிசகாமல்.
இப்போது அவன் இடது கால்
அவன் சொன்னதைக் கேட்பதில்லை.
ஆனாலும் தாள் இல்லாமல் மேலே வா என்றால்
நான் வரமாட்டேன்."

சிவப்புக்கு இரண்டு மணிக்கொரு நடை.
பச்சைக்கு ஆறு.

நான்காம் இரவு, மூன்றரை.
அவர் குழாயில் வடிந்தது தெளிவு.
வயிறு மெத்தென்று. குறட்டை வேறு.
திரும்பும் வழியில் ஒன்பதாம் படுக்கை:
ஓரியானா பாரியா, பள்ளிக்கூடச் சமையற்காரி,
எண் நான்கு, பச்சை,
அடுத்த பார்வை ஐந்தே முக்காலுக்கு.
இருட்டில் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"படுத்த வாகு சரியில்லை, மகளே."

நாடி நூற்றிருபத்தாறு.
வயிற்றில் கசிந்தது தோளில் வலிக்கும்;
உடம்பு முகவரி மாற்றி எழுதும் கடிதம்.
ஓடினேன்.
டாக்டர் இத்தூர்ரா ஈரத் தலையோடு வந்தார்.
நாலு பேர் சேர்ந்துதான் அந்தக் கட்டிலைத் தள்ளினோம்.
நாலு என்பது எத்தனை பேர் என்று
அப்போதுதான் பார்த்தேன்.

அவள் பிழைத்தாள்.
எட்டாம் நாள் நிபால்தோ
தன் காலணிக் கயிற்றைத் தானே கட்டினார்.
"நான் திரும்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது," என்றார்.
"அப்போது எண் தப்பா?"

தெரியவில்லை.
அறுபத்தொன்பதில் ஒருவராய் அவர் முதலிலேயே இருந்தாரா?
அவருக்காக நடந்த நடைதானே
அவளிடம் நின்றது?

படிவம் கேட்கிறது:
கணிப்பு சரியா? ஆம். இல்லை.
அவருக்கு இரண்டு கட்டம், அவளுக்கு இரண்டு.
நான்கும் காலியாய்க் கிடக்கின்றன.
தினமும் காலை ஏழு மணிக்கு
இயந்திரம் நினைவூட்டுகிறது,
கோபமில்லாமல்.