ஏராவில் ஒரு வெட்டு

எண்பது யூரோ,
கூடவே உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கித் தர வேண்டும்
என்று பேச்சு.
வைக்கோல் கொட்டகையின் கடைசி மூலையில்
கவிழ்ந்து கிடந்தது.
கோழிகள் அதன் முதுகில் ஏறி இறங்கின.
"இப்போதைக்கு இது முட்டையிடும் மேடை" என்றார் கால்யோ.
தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
நான் காசு கொடுத்திருந்தேன்.
பார்த்தேன்.

பகலில் எனக்குப் பல் செய்கிற வேலை,
ஹாப்சலுவில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடி.
மெழுகில் கடைவாய்ப்பல், பீங்கானில் முன்பல்.
யார் யாருடைய சிரிப்போ
எண் போட்டு என் மேசையில் கிடக்கும்.
மாலையில் அதே கொக்கி ஊசிகளோடு
பலகை இடுக்குகளில் இறங்குவேன்.
கரிந்த தார். நூல் நூலாய் உதிரும் சணல்.
ஒரு மீன் செதில், இன்னும் கண்ணாடியாய்.
ஓர் இடுக்குக்கு மூன்று இரவு.
மொத்தம் இருபத்திரண்டு.

வண்ணத்தைச் சுரண்டினால்
பச்சைக்குக் கீழே வெள்ளை,
வெள்ளைக்குக் கீழே யாரோ அவசரத்தில் அடித்த நீலம்,
தூரிகை மயிர் ஒன்று அதிலேயே ஒட்டிக் காய்ந்திருந்தது.
எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல்.
"ராணுவக் கிடங்குப் பெயின்ட்" என்றார் கால்யோ,
"எங்கள் வீட்டு வாளிகூட அந்த நிறம்தான்."
பெயர் எங்காவது எழுதியிருக்கும் என்று நம்பித்தான்
அத்தனை வாரம் சுரண்டினேன், ஒப்புக்கொள்கிறேன்.

பெயர் இல்லை.
பிப்ரவரியில், ஏராவின் குறுக்கே,
மக்குப் பூசி மூடிய ஒரு நேர்கோடு.
ரம்பம்.
மக்கைத் தோண்டி எஃகு அளவுகோலைச் செருகினேன்:
ஏழு சென்டிமீட்டர்.
இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால்
வயிற்றுப் பலகை.

கால்யோ டார்ச் அடித்துப் பார்த்தார்.
"எல்லைக் காவல்காரர்கள். இந்தக் கரையில்
படகுகளை அறுத்துப் போட்டார்கள்,
ஸ்வீடனுக்கு ஒருவரும் ஓடிவிடக் கூடாதாம்."
இதை ஏன் பாதியில் விட்டார்கள்?
"சாப்பாட்டு மணி அடித்திருக்கும்."
கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து:
"ரம்பம் மழுங்கியிருக்கும். ஓக் மரம், லேசா?"
கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தும்போது:
"அறுத்தவன் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்திருப்பான்."
மூன்றும் எனக்குப் பொருந்தின.

சொத்தையைக் கண்டால் அடைப்பதுதான் என் வர்க்கத்தின் புத்தி.
இதை அடைக்கவில்லை.
இரு பக்கமும் ஓக் துண்டு அணைத்து
எட்டு வெண்கல போல்ட் முடுக்கினேன்.
வெட்டுக்குள் சூடான தார் மட்டும்.
கோடு தெரியட்டும்.

மே கடைசிச் சனிக்கிழமை தண்ணீரில் இறக்கினோம்,
தங்கை வைக்கேயும் அவளுடைய இரவல் டிரெய்லரும்.
இருபத்திரண்டு இடுக்கும் ஒன்றாய் வாய் திறந்தன.
கடலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு
இரண்டு பேர் நன்றாகச் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும். பதினேழு வருஷத் தாகம்,
குடித்துத்தான் தீர வேண்டும்.
கயிற்றில் கட்டி, விளிம்பு வரை மூழ்கவிட்டு,
வீட்டுக்குப் போய் ஜன்னலைப் பார்த்துப் படுத்தேன்.

நாலு மணி. விடிந்திருந்தது.
ரப்பர் பூட்ஸ், ஐஸ்கிரீம் டப்பா.
முந்நூறு டப்பாவுக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன்.
இரவில் எப்படியோ உள்ளே வந்த முள்மீன் ஒன்று
வங்குக்கு வங்கு ஒதுங்கி
எனக்குப் போக்குக் காட்டியது.
அதையும் மொண்டு வெளியே விட்டேன்.
துணியால் துடைத்துப் பிழிந்து,
எங்கிருந்து திரும்ப வருகிறது என்று
முழங்காலிட்டுக் காத்திருந்தேன்.

அணியத்தில் ஒரு துளி.
இடது பக்கம், நெற்றி வியர்வைபோல் ஒரு வரிசை.
மூன்றாம் வங்குக்கும் நான்காம் வங்குக்கும் நடுவே,
அந்த வெட்டுக்கு நேர் மேலே, விரலை வைத்தேன்.
ஈரம் இல்லை.
மறுபடி வைத்தேன்.

பாய் இன்னும் தைத்தாகவில்லை.
பதிவுப் படிவத்தில் பெயருக்கான கட்டம் காலி.
வைக்கே வரட்டும் என்றிருந்தேன்,
அவள் பத்து மணிக்கு முன் எழ மாட்டாள்.
துடுப்பை எடுத்தேன்.