ஃபிளாஷ் கூடாது

பிற்பகல் மூன்றே கால். ஓலெசுன் நகரில்
விளக்கு வைத்தாயிற்று.
டிசம்பரில் இங்கே பகல்
கடன்காரனைக் கண்டவன் மாதிரி
வந்த வழியே திரும்பிவிடும்.

கழுத்தில் தோர்பியோர்ன் கடைக் கேமரா.
ஃபுல் ஃப்ரேம், பழையது,
பிடி ரப்பரில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் தேய்வு.
"வியாழன் வரை வைத்துக்கொள்.
இருட்டில் புள்ளி தட்டினால்
கொண்டுவந்து கொடுத்துவிடு" என்றார்.
எதற்கென்று கேட்கவில்லை.

மீன் காட்சியக வாசலில்
குறுக்கே சிவப்புக் கோடு இழுத்த மின்னல் படம்.
அது போதாதென்று
டிக்கெட் கிழிக்கும் ஒட்ஹில் வாயாலும் சொன்னாள்:
ஃபிளாஷ் கூடாது, மீனுக்கு இமை இல்லை.
தெரியும், அதற்காகத்தான் வந்தேன்.

முதல் தொட்டியில் காட் மீன்கள்.
ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு,
ஷட்டர் அறுபதில் ஒன்று.
வால் கரைந்துபோய்த் தலை மட்டும் மிஞ்சியது.
ஆறாயிரத்து நானூறு.
இப்போது வால் உண்டு, செதில் உண்டு,
தாடையில் தொங்கும் அந்த ஒற்றை மீசையும் உண்டு.
நிழலில் மட்டும்
கொஞ்சம் ரவை தூவினதுபோல.

கண்ணாடிதான் பெரிய சனியன்.
எதை எடுத்தாலும் முன்னால் என் முகம்,
முகத்துக்குப் பின்னால் பச்சை எழுத்தில்
வெளியேறும் வழி.
நாய் மூக்கை வைப்பதுபோல்
லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து,
ஸ்வெட்டர் கையை இழுத்து
ஓரத்தை அடைத்தேன்.
நான் போய்விட்டேன்.
குறித்துக்கொண்டேன்: கறுப்பு ஸ்வெட்டர்.

ஓநாய்மீன் பாறை இடுக்கில்
பல்வலிக்காரர் மாதிரிக் கிடந்தது.
அசையாததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.
நீல மழைக்கோட்டுப் பையன் ஒருவன் வந்து நின்றான்.
"இது தூங்குமா?"
தூங்கும்.
"தூங்குதுன்னு எப்படித் தெரியும்?"
நல்லவேளை, அவன் அப்பா
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கடைசி மூலையில் ஒரு சின்னத் தொட்டி.
பெயர்ப்பலகை படிக்க முடியாத இருட்டு.
பட்டாணி அளவுக் குஞ்சுகள்,
வயிற்றால் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு.
ஒளி முதுகில் விழுந்து
வயிற்றில் ஒரு சிவப்பாகத் தெரிந்தது.
பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.
அமுக்கினேன்.
சத்தத்துக்கு அத்தனையும் சிதறின.

மெனுவில் ஏழாம் பக்கம்: சத்தமில்லா ஷட்டர்.
இனி எடுத்தது எனக்கே கேட்காது.
ஆனால் விளக்கின் துடிப்பு
படத்தில் பட்டை பட்டையாக விழுந்தது.
நூறில் ஒன்றுக்கு இறக்கினேன், பட்டை போயிற்று.
குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ள
இருபது நிமிடம் ஆனது.
நின்றேன்.

நாளை மாலை ஆறு மணி,
மருத்துவமனை, நான்காம் மாடி.
என் தங்கை சின்னோவெயின் மகள்,
இருபத்தேழாம் வாரத்தில் வந்தவள்,
தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
முந்தாநாள்தான் இமை பிரிந்ததாம்.
பெட்டிமேல் போர்த்தியிருக்கும் துணியைப்
பத்து நிமிடம் விலக்குவார்கள்.
நர்ஸ் ஷெர்ஸ்டி போனில் சொன்னாள்:
முழங்கைவரை கழுவ வேண்டும்,
கேமராவையும் துடைக்க வேண்டும், சத்தம் ஆகாது.
இன்னொன்றை அவள் ஆரம்பிக்குமுன்
நானே சொல்லிவிட்டேன்.

சின்னோவெ கேட்டது ஒரே ஒரு படம்.
வளரட்டுமே, ஏன் இப்போதே
என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எங்கும் புள்ளி.
எது சென்சாரின் இரைச்சல், எது தண்ணீரில் மிதந்த இரை,
பிரிக்க முடியவில்லை.
புள்ளி நீக்கும் மென்பொருளை ஓடவிட்டேன்.
தண்ணீர் பளிங்காகிவிட்டது.
குஞ்சின் வயிற்றுச் சிவப்பையும் காணோம்.
பழையபடி வைத்தேன்.

தோர்பியோர்னுக்கு ஒரு வரி:
வியாழன் வேண்டாம், ஞாயிறுவரை இருக்கட்டும்.
பேட்டரி இரண்டையும் சார்ஜில் போட்டேன்.
கறுப்பு ஸ்வெட்டரை
வாசனை இல்லாத சோப்பில் துவைத்து
ஹீட்டர்மேல் விரித்தேன்.
காலைக்குள் காய வேண்டும்.