கேள்வி எண் நூற்றுப் பதினேழு

தூணுக்குப் பின்னால், கடைசி வரிசை.
சுருக்கெழுத்து மேசையிலிருந்து பார்த்தால்
துலம்சுரேன் எழுந்து நிற்கும்போது
ஒரு கைமுனை தெரியும், வெள்ளிப் பொத்தானோடு.
முகத்தை நான் கண்டதில்லை.

உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
அவைக்குள் எல்லோரும் கோட்டைக் கழற்றியிருந்தார்கள்.

"தடுப்பூசி சூட்டில் கெடும் என்று
குளிர்பெட்டி வாங்கினீர்கள், சரி.
எங்கள் பக்கம் அது குளிரில் சாகிறது.
உறைந்து உருகிய முத்தடுப்பு மருந்து
மருந்தில்லை என்பதை மாண்புமிகு அமைச்சர் அறிவாரா?"

யாரோ சிரித்தார். 'சிரிப்பு' என்று குறித்தேன்.

"செவிலி கிஷிக்மா குப்பிகளை
வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே தேல் அணிந்து
எழுபது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் போகிறாள்.
அவள் உடம்புச் சூடு
எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது?
அதற்கு வாடகை உண்டா?"

அமைச்சர் தாளைப் புரட்டினார்.
தொண்ணூற்றாறு சதவீதம் என்றார்.
மேசைகள் தட்டப்பட்டன.
தொண்ணூற்றாறு எழுத எனக்கு இரண்டு கோடு போதும்.

"மீதி நான்கைப் பற்றி நான் கேட்கவில்லை.
அந்தத் தொண்ணூற்றாறுக்குள்
ஒரு குழந்தை இருக்கிறாள். அனுஜின், பதினான்கு மாதம்.
அட்டையில் மூன்று ஊசிக்கும் முத்திரை.
மூன்றும் போட்ட பிறகு கக்குவான் இருமல்.
அடுத்தவனுக்கு ஊசியே வேண்டாம் என்கிறார் அப்பன் இஷ்தோர்ஜ்.
போடு என்று சொல்லத்தான் போனேன்.
எந்தக் குப்பியை நம்பிச் சொல்வது?
அவரை மூடன் என்று அறிக்கையில் எழுதியது யார்?"

சிவப்பு விளக்கு. ஒலிபெருக்கி அணைந்தது.
அதன் பிறகு பேசுவது
அவையில் பேசியதாகாது. அது விதி.
கை மட்டும் உயர்ந்து எதையோ குலுக்கியது,
மேசையில் வைத்தது.
கைக்குச் சுருக்கெழுத்து கிடையாது.

'எழுத்துபூர்வமான பதில் பின்னர்.'

இரவு, தரை துடைக்க வந்தவள்
ஒரு குப்பியைக் கொண்டுவந்து
யாருடையது என்று கேட்டாள்.
தெரியாது என்றேன்.
அவள் போனதும் குலுக்கி,
விளக்கடியில் நிறுத்தி வைத்தேன்.

பால்போல் கலங்கியிருந்தது.
தட்டச்சு செய்யப் பதினோரு பக்கம் பாக்கி.
இரண்டாம் பக்கம் முடியுமுன்
மேலே தண்ணீர் தெளியத் தொடங்கியது.