பத்து கிராம் நூல்

‘காலணிகளை வெளியே விடவும்’ பலகையைக்
கழற்றியது நான்தான்.
வியாழக்கிழமை பாதம் பார்க்கும் நாள்,
திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனை,
கட்டு கட்டும் அறை.
ஆளுக்கு முன்னால் செருப்பைப் பார்ப்பேன்.
குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது,
ஆணி ஏதும் உள்ளே தலை நீட்டுகிறதா,
வாரில் ரத்தம் காய்ந்திருக்கிறதா.
கேட்டால் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இன்றைக்கு முதலில் ரியாஸ்.
கபடியில் பாதம் உள்பக்கம் மடங்கி எட்டு நாள்.
அன்றைக்கே யாரோ எண்ணெயைச் சூடாக்கி
உருவிவிட்டிருக்கிறார்கள்.
கணுக்காலில் பூசணிப்பிஞ்சு காய்த்திருக்கிறது.
எலும்பு தப்பியது. நார்தான் கிழிந்திருக்கிறது.
உருவாதே, உட்கார்ந்தால் காலை உயர வை என்றேன்.
“ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு சிஸ்டர்.”
பதில் சொல்லவில்லை.
எலாஸ்டிக் துணியை இன்னொரு சுற்று சுற்றினேன்.

பிறகு நடவுக்காரப் பெண்கள் நாலு பேர், ஒரே ஆட்டோவில்.
விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்,
வெந்த பூண்டுத் தோலாய் வெளுத்து உரிகிறது.
களிம்பு கொடுத்து, ஈரத்தில் நிற்காதீர்கள் என்றேன்.
சிந்தாமணி சிரித்துவிட்டாள்:
“நிக்கிறதுக்குத்தானம்மா கூலி.”
சரி, ராத்திரியாவது
துடைத்துக் காயவிடுங்கள்.

பதினோரு மணிக்குப் பக்கிரிசாமி.
பொதுப்பணித்துறை லஸ்கர்.
முப்பத்தோரு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கிய தோள்,
பன்னிரண்டு வருஷச் சர்க்கரை.
கண்ணை மூடச் சொல்லி
நைலான் நூலை எடுத்தேன்.
தூண்டில் நரம்பு போலத்தான் இருக்கும்;
வளையும்போது பத்து கிராம் அழுத்தம், அவ்வளவே.
பெருவிரலில் வைத்தேன்.
“தெரியுது.”
சுண்டுவிரலுக்குக் கீழே.
“தெரியுதும்மா.”
குதிகாலில்.
“ம், தெரியுது.”
நூலை மேசையில் வைத்துவிட்டுக்
கைகட்டிச் சும்மா நின்றேன்.
“தெரியுது” என்றார்.

மின்விசிறி கடகடத்தது.
வேறு சத்தம் கேட்காததாலோ என்னவோ
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
“ரெண்டு வருஷமாச்சு.
மதகுல எறங்குனா தண்ணி சில்லுன்னு இருக்கான்னு
பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவேன்.”
அப்புறம்,
“கடமடைக்கு வரல, அவ்ளோதான?”
சொல்லிவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து
நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார்.

இடது உள்ளங்காலில் கருவேல முள்.
எத்தனை நாளாகவோ அதன் மேலேயே நடந்திருக்கிறார்.
தடித்த தோலைச் சீவச் சீவ
உள்ளே சீழ்.
வலிக்குதா என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
“வலிச்சா நல்லாருக்கும்.”

டாக்டர் வந்து பாதத்தின் மேல் இரண்டு விரல் வைத்தார்.
நாடி இருக்கிறது. ரத்தம் வருகிறது.
இப்போதைக்கு வெட்டும் பேச்சு இல்லை.
உப்புநீரில் கழுவி, கட்டு கட்டி,
புண்ணில் பாரம் விழாதபடி பஞ்சுத்திண்டு ஒட்டினேன்.
எம்சிஆர் செருப்பு தஞ்சாவூரிலிருந்து வர மூன்று வாரம்.
அதுவரை ஷட்டர் பக்கம் போகக் கூடாது.
“தண்ணி தொறந்திருக்கே?”
வேறு ஆள் பார்ப்பான்.
“அவனுக்கு மூணாம் நம்பர் பலகை சிக்கும், தெரியாது.”
அதற்கு என்னிடம் மருந்தில்லை.
தினமும் ராத்திரி உள்ளங்காலைக்
கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றேன்.
வீட்டுக் கண்ணாடி சுவரில் பதித்ததாம்.
கொஞ்சம் யோசித்தார்:
“வண்டிக் கண்ணாடியக் கழட்டிக்கலாமா?”
கழட்டுங்க.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.
ஜன்னல் வழியே பார்த்தால்
ஸ்டாண்டில் அவருடைய டிவிஎஸ்;
பின்சீட்டில் கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்து
மகனை ஏவிக்கொண்டிருக்கிறார்.
“எடது பக்கத்துத, டேய், எடது பக்கத்துத!”

காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே இருக்கிறேன்.
என் குதிகாலில் யாரோ ஆணி அடிக்கிறார்கள்,
வீட்டில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து
அதன் மேல் உருட்டும் அதே குதிகால்.
இன்றைக்கு அதைத் திட்டவில்லை.
கால் மாற்றி நின்றுகொண்டேன்.

அடுத்து யாரு?
செருப்போட வாங்க.