தன்மை ஒருமை

விதி எளிது.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்று சொல்லவேண்டும்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
ஆறுதல் சொல்லக் கூடாது.

டார்னீட்டில், பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு முடியும்வரை
காருக்குள் இருந்து வேலை செய்கிறேன்.
கண்ணாடியில் மழை. மடியில் குறிப்புப் புத்தகம்.
மில்டுராவிலிருந்து அழைப்பு.
பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்களாம்,
நாற்பது நிமிடமாய் ஒருவரும் கிடைக்கவில்லையாம்,
ஆணென்றாலும் பரவாயில்லையாம்.
பரவாயில்லை என்றது யார் என்று
எனக்குச் சொல்லப்படவில்லை.

வணக்கம் என்றேன்.
எதிர்முனையில் ஒரு கதிரை அசைந்தது.

"சுகமில்லாமல் வந்தது, நிக்கேல்லை."

மூன்றே சொல்.
அப்படியே போட்டால் காய்ச்சலாகிவிடும்.
மூன்று அக்காமாரோடு வளர்ந்தவனுக்கு
அந்தச் சொல்லின் மறுபக்கம் தெரியும்.
தெரியாதவன்போல் இருக்கப் பழக்கியதும் அதே வீடுதான்.
ஆங்கிலத்தில் சொன்னேன்:
எனக்கு மாதவிடாய் வந்து நிற்கவில்லை.
நாற்பத்தாறு வயது, இரண்டு நாள் தாடி,
எனக்கு.

எத்தனை நாள்? பதினேழு.
நோ எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள்?
"உளைவுதான். பிறகு இழுக்கும்.
பிறகு ஒண்டுமில்லை. பிறகும் உளைவு."
உளைவுக்கு ஆங்கிலம் தேடி நான் நின்ற இடைவெளியில்
டொக்டர் மறுபடி இலக்கம் கேட்டார்.

"நீங்களே ஒண்டைப் போட்டுவிடுங்கோ அண்ணை."

விதி எளிது. அதையும் பெயர்த்தேன்:
நீங்களே ஒன்றைப் போட்டுவிடுங்கள், அண்ணை.

விசைப்பலகைச் சத்தம் நின்றது.
படிவத்தில் தொழில் என்ற இடத்தை
அப்போதுதான் பார்த்திருக்கவேண்டும்.
டொக்டர் கேட்டார்:
திராட்சைப் பெட்டி தூக்க ஏலாமல் போனது எந்த நாள்?

"புதன்."

பிறகு அவர் நிறுத்தவில்லை.
புதன், கொடிக்குக் கீழே குந்தியிருந்தது.
சூப்பவைசரிடம் 'வயிறு' என்று மட்டும் சொன்னது.
கறுப்புக் காற்சட்டையாய்ப் பார்த்து வாங்கினது.
கட்டி கட்டியாய்ப் போனது.
வீட்டில் சொல்லாதது:
"சொன்னால் வேலையை விடு எண்பார்.
விட்டால் ஆர் வாடகை கட்டுறது?"
எல்லாவற்றையும் நான் என்றேன்.
நான் குந்தியிருந்தேன், நான் கழுவினேன்,
எனக்குத் தலை சுற்றியது.

சோதிக்கவேண்டும் என்றார் டொக்டர்.
ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் செய்தார்.
இப்போது கையுறை போடுகிறேன்.
இது கொஞ்சம் குளிரும்.
நிறுத்து என்றால் நிறுத்துவேன்.
கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.
விதியில் அதற்கு இடமில்லை.

திரை இழுபடும் சத்தம்.
அவர் மெல்ல, என்னிடம் அல்லாமல்:
"அந்த அண்ணைக்கு ஏதும் தெரியுமோ?"
அதையும் பெயர்த்தேன்.
போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்,
சொல்லுங்கள் என்றார் டொக்டர்.
சொன்னேன்.

மேசைப் போன். கமரா கிடையாது.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.